தேன் கொள்முதல் தளத்தில் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ பிழையைத் தேடித் தீர்த்த பதிவு

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை தேனீ வளர்ப்போருக்கு ஓய்வு கிடையாது. இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் மீண்டும் துளிர்க்கும்போது அந்தத் தளிர்களின் இலைக்காம்புச் சுரப்பிகளில் இனிப்புநீர் ஊறும். நம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து அல்ல, அந்தத் தளிரிலிருந்துதான் வருகிறது. மார்த்தாண்டத்தை அடுத்துள்ள ஒரு சிறிய தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு கொள்முதல் பதிவுத் தளம் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர் கேனைக் கொண்டுவந்து தராசில் வைத்ததும், அலுவலகப் பெண் தன் பெயரில் உள்நுழைந்து, உறுப்பினர் எண்ணையும் எடையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்வார். அதன்படிதான் மாதக் கடைசியில் பணம் கணக்கிடப்படுகிறது. ஆகவே அந்தத் தளத்தில் ஏற்படும் எந்தப் பிழையையும் நான் வெறும் கணினிக் கோளாறாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஒருவருடைய உழைப்பின் கூலியைத் தொடும் விஷயம்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை எட்டரை மணிக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. “அண்ணே, பாஸ்வேர்டு சரியாத்தான் போடுகேன், ஆனா உள்ள போவ மாட்டேங்கு. மேல இங்கிலீசுல ரெண்டு மூணு வரி வந்து நிக்கு. வெளிய பத்துப் பேரு கேனோட நிக்காவ,” என்றார் அலுவலகப் பெண். ஏதாவது கோப்பை மாற்றினீர்களா என்று கேட்டதற்கு, “ஒரு எழுத்துகூட மாத்தல்லண்ணே,” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மாறியிருந்தது சர்வர். வாடகைக்கு இடம் தரும் நிறுவனம் முந்தைய இரவில் பழைய சர்வரை நிறுத்திவிட்டு, பிஎச்பி 7.4-இலிருந்து 8.2-க்கு எங்கள் தளத்தை நகர்த்தியிருந்தது. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுபோனவை என்பதால், நகர்த்தியதில் தவறில்லை. தளம் இயங்காமல் போனதற்கான காரணம் வேறு.

அவர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய திரையில் இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. முதலாவது, ஹெடர்கள் (பக்கத்துக்கு முன்னால் செல்லும் தகவல் வரிகள்) அனுப்பப்பட்ட பின் செஷனை (உள்நுழைந்தவரை நினைவில் வைத்திருக்கும் ஏற்பாடு) தொடங்க இயலாது என்றது. இரண்டாவது, ஹெடர் விவரத்தை மாற்ற இயலாது, ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று கூறி, இரண்டு முகவரிகளைத் தந்தது. அடைப்புக்குறிக்குள் ‘அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்’ என்ற சொற்களை அடுத்து, தளத்தில் தோன்றும் சொற்களை வைத்திருக்கும் மொழிக்கோப்பின் பெயரும் வரி எண் 1-உம்; வரியின் கடைசியில் உள்நுழைவுக் கோப்பின் பெயரும் வரி எண் 48-உம். இந்தப் பிழையில் பலர் மணிக்கணக்கில் அலைவது, கடைசியில் உள்ள முகவரியைப் பிடித்துக்கொள்வதால்தான். 48-ஆவது வரியில் நான் எழுதியிருந்த ‘ஹெடர்’ கட்டளையில் எந்தப் பிழையும் இல்லை. அது தன் வேலையைச் செய்ய முயன்று, கதவு மூடப்பட்டிருப்பதைக் கண்டு முறையிடுகிறது. கதவை மூடியது யார் என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் முதல் முகவரியில்தான் இருக்கிறது.

இணையப் பக்கங்களைப் பரிமாறும் ஹெச்டிடிபி முறையில் சர்வர் உலாவிக்கு அனுப்பும் பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலில் நிலைவரியும் ஹெடர்களும் செல்லும். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குப் பிறகே பக்கத்தின் உள்ளடக்கம். உலாவியில் குக்கி என்ற சிறு குறிப்பை வைப்பது, செஷனைத் தொடங்குவது, வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது, இறக்கப்படும் கோப்பின் வகையைச் சொல்வது ஆகிய அனைத்தும் ஹெடர் பகுதியில் செல்ல வேண்டியவை. நம் நிரல் ஓடும்போது பிஎச்பி இந்த ஹெடர்களைச் சேர்த்துக் கையில் வைத்திருக்கிறது. உள்ளடக்கத்தின் முதல் பைட் வெளியேறும் கணத்தில் ஹெடர்கள் முழுவதையும் அனுப்பி, வெற்று வரியையும் போட்டு, அந்தப் பகுதியை முடித்துவிடுகிறது. சங்கத்தில் கேனுக்குச் சீட்டு ஒட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். வண்டி பாலம் தாண்டிய பிறகு சீட்டை மாற்ற முடியாது. வெளியேறியது ஒரு முழுப் பக்கமா, ஒரே ஓர் இடைவெளியா என்பதை பிஎச்பி பார்ப்பதில்லை.

காலையில் எனக்கு இருந்த முதல் கடமை வரிசையில் நின்றவர்களை அனுப்பிவைப்பது. பிஎச்பியின் அமைப்புகளைக் காட்டும் ‘பிஎச்பி இன்ஃபோ’ பக்கத்தைப் புதிய சர்வரில் திறந்து பார்த்தபோது, ஏற்றப்பட்ட அமைப்புக் கோப்பு என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று இருந்தது. அதாவது அங்கே ‘பிஎச்பி.ஐஎன்ஐ’ கோப்பே வைக்கப்படவில்லை; மொழிக்குள்ளேயே பொதிந்துள்ள மதிப்புகள்தான் நடைமுறையில் இருந்தன. அந்த மதிப்புகளின்படி, வெளியேறும் உள்ளடக்கத்தைச் சற்றுத் தேக்கிவைக்கும் ‘அவுட்புட் பஃபரிங்’ 0. பிழைகளைத் திரையில் காட்டுவது நடப்பில். பிஎச்பியுடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளிலோ அந்தப் பஃபரின் அளவு 4096. பழைய சர்வர் அந்த மாதிரியைப் பின்பற்றியிருந்தது. 4096 பைட் கொள்ளும் அந்தத் தொட்டி நிறையும் வரை உள்ளடக்கம் வெளியேறாது. அதற்குள் வரும் ஹெடர்கள் எல்லாம் தாராளமாகப் போய்ச் சேரும். ஆக, என் தளத்தில் ஆண்டுக்கணக்கில் கசிவு இருந்திருக்கிறது. தொட்டி அதை மறைத்து வந்திருக்கிறது.

இந்தப் பஃபர் அளவை நிரலுக்குள்ளிருந்து ‘ஐஎன்ஐ செட்’ கொண்டு மாற்ற முடியாது. தளத்தின் அடைவில், அந்தத் தளத்துக்கு மட்டுமான அமைப்புக் கோப்பாகிய ‘யூசர் ஐஎன்ஐ’ ஒன்றை வைத்து, அதில் 4096 என்று எழுதினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன், எந்த மாற்றமும் இல்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு வேறு எதையாவது கலைத்துவிடக் கூடாது: பிஎச்பி அந்தக் கோப்பை ஒவ்வொரு முறையும் படிப்பதில்லை, இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் பார்க்கும். ஐந்து நிமிடம் காத்திருந்த பின் உள்நுழைவு வேலை செய்தது. வரிசை நகர்ந்தது. ஆனால் இது காயத்துக்குக் கட்டிய துணி. அன்றிரவே உண்மையான வேலையைத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இரவில் தளத்தின் நகல் ஒன்றை என் கணினியில் வைத்து, பஃபரை வேண்டுமென்றே 0 ஆக்கினேன். இதற்குக் காரணம் உண்டு. பஃபர் இருக்கும்போது ‘அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்’ என்று காட்டப்படும் முகவரி, கசிவு தொடங்கிய இடமாக இருக்க வேண்டியதில்லை. தொட்டி நிறைந்து வழிந்த இடமாக இருக்கும். பஃபர் இல்லாதபோதுதான் முதல் பைட் வெளியேறிய உண்மையான இடம் தெரியும். செஷன் பற்றிய எச்சரிக்கை முகவரி எதையும் தரவில்லை என்பதால், ஒவ்வொரு கோப்பையும் சேர்க்கும் வரிக்கு அடுத்து ‘ஹெடர்ஸ் சென்ட்’ என்ற செயற்கூறை அழைத்து, அது நிரப்பித் தரும் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் பதிவேட்டில் எழுதச் செய்தேன். முதல் சேர்க்கையான மொழிக்கோப்பு முடிந்ததுமே பதில் வந்தது: மொழிக்கோப்பு, வரி 1.

அந்த முதல் வரியில் பிஎச்பியின் தொடக்கக் குறியைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கர்சரைக் கோப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் அழித்துப் பார்த்தாலும் அழிக்க ஒன்றும் இல்லை. வரி எண் 1 என்று காட்டி, அங்கே ஒன்றும் இல்லாமலும் இருந்தால், எழுத்துத் திருத்தியை நம்பக் கூடாது. பைட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். கோப்பின் முதல் மூன்று பைட்டுகளைப் படித்து, அவற்றின் எண் மதிப்பை அச்சிடும் நான்கு வரி நிரல் ஒன்றை எழுதினேன். 239, 187, 191 என்று வந்தது. இது ‘பைட் ஆர்டர் மார்க்’ எனப்படும் குறியின் யூடிஎஃப்-8 வடிவம். யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16 என்பவை எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைகள். யூடிஎஃப்-16-இல் பைட்டுகளின் வரிசையைச் சொல்ல இந்தக் குறி தேவைப்படுகிறது. யூடிஎஃப்-8-இல் வரிசைச் சிக்கலே இல்லை என்பதால், இது வெறும் அடையாளமாக நிற்கிறது. பிஎச்பிக்கோ, தொடக்கக் குறிக்கு முன்னால் இருக்கும் எதுவும் அப்படியே உலாவிக்கு அனுப்ப வேண்டிய உள்ளடக்கம்.

அது எப்படி வந்தது என்பதை அலுவலகப் பெண்ணிடம் மறுநாள் கேட்டபோது தெரிந்தது. மொழிக்கோப்பில் தொடக்கத்தில் எல்லாச் சொற்களும் ஆங்கிலத்தில் இருந்தன. சில பருவங்களுக்கு முன், உறுப்பினர்களுக்கு ரசீது தமிழில் இருக்க வேண்டும் என்று அவரே அந்தக் கோப்பைச் சங்கத்தின் விண்டோஸ் 7 கணினியில் நோட்பேடில் திறந்து, தேன், கிலோ, ஈரப்பதம், தொகை என்று மாற்றியிருக்கிறார். சேமிக்கும்போது, தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி வடிவில் சேமித்தால் எழுத்துகள் தொலைந்துவிடும் என்று நோட்பேட் எச்சரித்திருக்கிறது. அவர் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மிகச் சரியான தேர்வு. ஆனால் 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேட், யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே அந்த மூன்று பைட்டுகளை முன்னால் வைத்துவிடும். இப்போதைய நோட்பேடில் குறி இல்லாத யூடிஎஃப்-8 இயல்பாகவும், குறியுடன் கூடியது தனித் தேர்வாகவும் இருக்கின்றன. ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டிருப்பவர்களின் கோப்புகளை இந்தச் சிக்கல் எளிதில் தொடாது. தமிழை உள்ளே கொண்டுவந்த நாளில்தான் அது எங்களிடம் வந்தது. தமிழில் தளம் நடத்துகிறவர்கள் இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

கோப்புகள் அனைத்தையும் அதே நிரலால் சோதித்ததில், மொழிக்கோப்பு ஒன்றில் மட்டுமே குறி இருந்தது. மூன்று பைட்டுகளையும் நீக்கிச் சேமித்தேன். என் கோப்புகளில், நிரலின் பெயர்களைத் தனிக் குழுவாக வைக்கும் ‘நேம்ஸ்பேஸ்’ பயன்படுத்தும் பழக்கம் இருந்திருந்தால் இந்தக் குறை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். நேம்ஸ்பேஸ் அறிவிப்பு கோப்பின் முதல் கூற்றாக இருக்க வேண்டும் என்பதால், அதற்கு முன்னே மூன்று பைட் இருந்தாலும் பிஎச்பி நிரலை நிறுத்திவிடும். பழைய பாணியில் எழுதியதால் குறை தூங்கிக்கிடந்தது.

மீண்டும் உள்நுழைந்தேன். அதே பிழை, ஆனால் இப்போது முகவரி வேறு. பிஎச்பி முதல் கசிவை மட்டுமே சொல்லும். அதை அடைத்த பிறகுதான் அடுத்தது தெரியும். ஒன்றைச் சரிசெய்தும் பிழை போகவில்லை என்று மனம் தளராமல், அடைப்புக்குறிக்குள் இருக்கும் முகவரி மாறியிருக்கிறதா என்று பார்த்தால் முன்னேற்றம் புரிந்துவிடும். இரண்டாம் முகவரி, தரவுத்தள இணைப்புக் கோப்பின் இறுதியைச் சுட்டியது. அங்கே பிஎச்பியின் முடிவுக் குறிக்குப் பின் இரண்டு வெற்று வரிகள் இருந்தன. முடிவுக் குறியை ஒட்டி வரும் ஒரே ஒரு வரி முறிப்பை பிஎச்பி விழுங்கிவிடும். அதற்கு மேல் உள்ளவை வெளியே போகும். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் முடிவுக் குறியே தேவையில்லை. பிஎஸ்ஆர்-12 என்ற நிரல் நடை விதியும் அதை விட்டுவிடவே சொல்கிறது. உள்ளடக்கம் எதுவும் காட்டாத எல்லாக் கோப்புகளிலிருந்தும் முடிவுக் குறிகளை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அலுவலகப் பெண்ணின் கணக்கு சரியாகத் திறந்தது. செயலரின் கணக்கு மட்டும் திறக்கவில்லை. செயலர் பொறுமையானவர். “தம்பி, எனக்கு அவசரமில்ல, ஆனா எனக்கு மட்டும் ஏன்னு ஒண்ணு பாத்துச் சொல்லு,” என்றார். அவருடைய பதிவில் தொலைபேசி எண் நிரப்பப்படவில்லை. தரவுத்தளத்தில் அந்த இடம் ‘நல்’ ஆக, அதாவது மதிப்பே இல்லாததாக இருந்தது. உள்நுழைவுக் கோப்பு அதை, முன்பின் இடைவெளிகளை நீக்கும் ‘டிரிம்’ செயற்கூறுக்குக் கொடுக்கிறது. 7.4-இல் அது பேசாமல் வெற்றுச் சொல்லைத் திருப்பித் தரும், 8.1 முதல் இப்படிக் கொடுப்பது கைவிடப்படவுள்ள பழக்கம் என்று ஓர் அறிவிப்பு வரும். திரையில் பிழைகளைக் காட்டும் அமைப்பு நடப்பில் இருந்ததால் அந்த அறிவிப்பே உள்ளடக்கமாக வெளியேறி, திருப்பிவிடும் ஹெடருக்கு வழியை அடைத்துவிட்டது. நல் இருந்தால் வெற்றுச் சொல்லைக் கொடுக்கும்படி அந்த வரியைத் திருத்தினேன். அறிவிப்பைத் திரையில் மறைத்தால் மட்டும் போதும் என்று சிலர் நினைக்கலாம். பக்கம் திறந்துவிடும், ஆனால் அறிவிப்புச் சொல்ல வந்த செய்தி தொலைந்துபோகும்.

இவ்வளவும் ஓரிரவில் முடிந்தது. என்னை அதிகம் உலுக்கியது அடுத்து வந்தது.

தற்காலிகமாக 4096 பஃபர் வைத்திருந்த அன்று பகலில், நீண்டகாலமாகத் தேன் தரும் ஓர் உறுப்பினரின் 12 கிலோ இரண்டு முறை பதிவாகியிருந்தது. அலுவலகப் பெண்ணுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. “அது பழைய ஆளுவளுக்கு எப்பவாவது வரும் அண்ணே, நாங்க சீட்டப் பாத்து வெட்டிருவோம்,” என்றார். இந்தச் செய்தி என் காதுக்கு இத்தனை ஆண்டும் வரவில்லை. பதிவுப் பக்கம் மேலே உறுப்பினரின் பழைய பதிவுகளைப் பட்டியலாகக் காட்டிவிட்டு, கீழேதான் புதிய பதிவைச் சேமித்து, பிறகு ஹெடர் மூலம் பட்டியலுக்குத் திருப்பிவிடுகிறது. பட்டியல் குறுகியதாக இருந்தால் தொட்டிக்குள் அடங்கும், திருப்பிவிடல் நடக்கும். நீண்டதாக இருந்தால் தொட்டி வழிந்து, ஹெடர் போய்விடும். எடை சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் திரை நகராது. நகராத திரையைக் கண்டவர் மறுபடியும் பொத்தானை அழுத்துவது இயற்கை.

எத்தனை வரியில் வழிகிறது என்று அளந்து பார்த்தேன். பக்கத்தின் தலைப்பகுதி ஏறத்தாழ 1900 பைட். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ 130 பைட். 16 வரி வரை 3980. 17-ஆவது வரியில் 4096-ஐத் தாண்டுகிறது. இதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. யூடிஎஃப்-8-இல் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட். தமிழில் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் ஒவ்வொன்றும் 3 பைட். ‘தேன்’ என்ற சொல் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்குத் தகரம், ஏகாரக் குறி, னகரம், புள்ளி என நான்கு குறிகள், ஆக 12 பைட். 4096 பைட்டில் இத்தகைய குறிகள் 1365-தான் கொள்ளும். ரசீதும் பட்டியலும் தமிழுக்கு மாறிய பிறகே தொட்டி இவ்வளவு சீக்கிரம் நிறையத் தொடங்கியிருக்க வேண்டும்.

பஃபரைப் பெரிதாக்கினால் இது மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். கோப்பின் தலையில், நிரலுக்குள்ளிருந்தே பஃபரைத் தொடங்கும் ‘ஓபி ஸ்டார்ட்’ என்று ஒரு வரி போட்டாலும் மறையும். பக்கம் முழுவதையும் முதலில் சேர்த்துவைக்க வேண்டிய நியாயமான தேவைகள் உண்டு. அவற்றுக்கு அந்தக் கட்டளை சரியான கருவி. இங்கே தேவை அதுவல்ல. சேமிக்கும் வேலை, காட்டும் வேலைக்குக் கீழே எழுதப்பட்டிருந்ததுதான் குறை. அதை அப்படி எழுதியவன் நான். ஆகவே பதிவுப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். படிவம் வந்து சேரும் கோப்பு எதையும் காட்டாது; எண்களைச் சரிபார்க்கும், சேமிக்கும், திருப்பிவிடும், உடனே ‘எக்ஸிட்’ கொடுத்து நிற்கும். ஹெடர் கட்டளை நிரலை நிறுத்தாது என்பதால் அந்த எக்ஸிட் அவசியம். காட்டும் கோப்பு காட்டுவதை மட்டும் செய்யும். கூடுதலாக, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் எண் ஒன்றைச் செஷனில் வைத்து, அதே எண் மறுபடியும் வந்தால் சேமிக்க மறுக்கும்படி செய்தேன்.

உண்மைத் தளத்தில் இப்போது பஃபர் 0. திரையில் பிழை காட்டுவதை அணைத்து, பிழைகளைப் பதிவேட்டில் எழுதும்படி வைத்திருக்கிறேன். பதிவேட்டுக் கோப்பு தளத்தின் அடைவுக்கு வெளியே இருக்கிறது. 40 வரிகளுக்கு மேல் உள்ள உறுப்பினரின் பெயரில் சோதனைப் பதிவு செய்தபோது, சர்வரின் பதிலை அப்படியே காட்டும் ‘கர்ல்’ கருவியில், வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் 302 நிலையும் திருப்பிவிடும் ஹெடரும் முதல் வரிகளிலேயே வந்தன. செயலரும் நானும் ஓர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் காகிதச் சீட்டுகளோடு இந்தப் பருவத்தின் பதிவுகளை ஒப்பிட்டு, வெட்டப்படாமல் விட்டுப்போயிருந்த மூன்று இரட்டைப் பதிவுகளைத் திருத்தினோம்.

மாதக் கடைசியில் மறுபடியும் அழைப்பு வந்தது. கொள்முதல் அறிக்கையை எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் சிதைந்து தெரிகிறது என்றார் அலுவலகப் பெண். முன்பு எப்போதும் நன்றாகத்தான் திறந்தது, முதலில் ஒரு வெற்று வரி மட்டும் வரும், அதை அழித்துவிடுவாராம். கேட்டதும் எனக்குப் பிடிபட்டது. சிஎஸ்வி வடிவில், அதாவது மதிப்புகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய எழுத்துக்கோப்பாக இறங்கும் அந்த அறிக்கைக் கோப்பும் மொழிக்கோப்பையும் இணைப்புக் கோப்பையும் சேர்த்துக்கொள்கிறது. மொழிக்கோப்பிலிருந்து கசிந்த 239, 187, 191 அறிக்கையின் தலையில் போய் அமர்ந்திருந்தது. நேரடியாகத் திறக்கும் சிஎஸ்வி யூடிஎஃப்-8-இல் இருக்கிறது என்று எக்செல் அறிந்துகொண்டது அந்தக் குறியைக் கொண்டுதான். அவர் அழித்துவந்த வெற்று வரி, இணைப்புக் கோப்பின் முடிவுக் குறிக்குப் பின்னிருந்து கசிந்தது. அறிக்கைக் கோப்பில் கோப்பு வகையையும் பெயரையும் சொல்லும் இரண்டு ஹெடர்களுக்கும் அடுத்த வரியில், அதே மூன்று பைட்டுகளை நானே வெளியிடும்படி எழுதி, எதற்காக அவை அங்கே இருக்கின்றன என்று மேலே ஒரு குறிப்பும் சேர்த்தேன். அறிக்கை தமிழில் திறந்தது. வெற்று வரி வரவில்லை.